ஆறாம் நம்பர் அமுக்கிய பொத்தான்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேனேஜர் வந்து ஆறாம் நம்பர் மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாளின் மேல் ஒரு பேனாவையும் வைத்தார். சம்பள உயர்வு கேட்டால் காது கேட்காத மனுஷன், பேனா கொடுப்பதில் மட்டும் தாராளம்.

"பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம்மா. வியாழக்கிழமை மெக்கானிக் வருவாருன்னு கஸ்டமர்கிட்ட நானாத்தான் சொன்னேன், தப்பு என்னோடது, மன்னிக்கணும். நாலு வரி. கீழ ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

"நானா சொல்லலையே சார். எல்லாருக்கும் வியாழக்கிழமைன்னு சொல்லுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதெல்லாம் யாரு எழுதி வச்சிருக்கா? தலைமை ஆபீஸ்ல ஒரு ஆளைக் கேக்கறாங்க. திங்கக்கிழமை காலையில எழுதி வச்சிரு. இல்லைன்னா அன்னியிலேர்ந்து நீ வீட்லயே இருந்துக்கலாம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்த அலுவலகத்தில் ஏழு மேசைகள், ஏழு தொலைபேசிகள். பிரிட்ஜ் குளிராவிட்டால், வாஷிங் மெஷின் சுற்றாவிட்டால், வாங்கியவர்கள் அங்கேதான் கூப்பிட்டுக் கத்துவார்கள். பேசுகிறவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. "ஆறாம் நம்பர்லேர்ந்து பேசறேன்" என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, பக்கத்து மேசைக்காரிகளும் அவளை ஆறாம் நம்பர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மெக்கானிக்குகளில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. புதிதாக ஆள் எடுக்காமல், யார் கேட்டாலும் வியாழக்கிழமை என்று சொல்லச் சொன்னது மேனேஜர். ஒரு பெரியவர் மூன்று வியாழக்கிழமை காத்திருந்து பார்த்துவிட்டு, "ஆறாம் நம்பர் பொய் சொல்கிறது" என்று தலைமை ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஆனால் நொந்தார்கள். அம்புதான் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அவளுடைய தொலைபேசியில் வலது மேல் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஹோல்டு. அதை அமுக்கினால் கத்துகிறவர் காதில் இசை ஓடும். இவள் நாலு மூச்சு விட்டுக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பொத்தானின் மேலிருந்த எழுத்தே தேய்ந்து போயிருந்தது. எதிர்முனையில் குரல் ஒரு படி ஏறினால் போதும், அவளைக் கேட்காமலே கட்டைவிரல் அங்கே போய்விடும். திட்டு வாங்குவதற்குத்தான் சம்பளம், திருப்பிப் பேசினால் வேலை போகும் என்று வைத்திருக்கும் இடத்தில் கட்டைவிரலாவது தன்னைக் காப்பாற்றட்டுமே.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலு வரிதானே? எழுதிக் குடுத்துட்டுப் போயேன்" என்றார். ஏதோ இரவல் குடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிற மாதிரி. குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது குட்டு வாங்காத தலைக்கு எப்படித் தெரியும்?

வந்திருந்த நாத்தனாருக்கு வேறு கவலை. "வேலை போற நேரத்துலகூட ஞாயித்துக்கிழமை அந்த மாடிக்குப் போகத்தான் போறியா? நாப்பத்திமூணு வயசுல பொம்மைச் சண்டை! பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"போறேன் அண்ணி. இந்த மாசம் போட்டி."

"அடிக்கறதும் உதைக்கறதும் ஒரு விளையாட்டா? புத்தி கெட்டுப் போயிடும்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் கணவர் வாரத்துக்கு இருபது மணி நேரம், முன்பின் தெரியாத யாரோ ஓடுவதையும் உதைப்பதையும் பார்க்கிறார். பார்த்துவிட்டு "நாம ஜெயிச்சுட்டோம்" என்கிறார். எந்த நாம்? இவர் சோபாவைவிட்டு எழுந்ததே தண்ணீர் குடிக்கத்தான். அதற்குப் பெயர் ரசனை. தன் கையால் தானே ஆடித் தானே தோற்கிறவளுக்குப் புத்தி கெட்டுப் போய்விடுமாம்!

அந்த மாடி ஒரு செல்போன் கடையின் மேலே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போனின் உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவள், மேலே கேட்ட கூச்சலுக்குப் படியேறிப் பார்த்தாள். இரண்டு ஆண்கள் தோளோடு தோள் உட்கார்ந்து, வீடியோ கேம் திரையில் ஆளுக்கொரு பொம்மையை ஆட்டி ஒருவரை ஒருவர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் சிரித்தபடி கை கொடுத்தார். "நான் குதிச்சது தப்பு" என்றார். ஆறாம் நம்பர் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ஆண்பிள்ளை, நாலு பேர் முன்னால், யாரும் கேட்காமலே, தன் தப்பு என்று சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை.

"ஒரு ஆட்டம் ஆடறீங்களாக்கா?" என்று இடம் விட்டார்கள். பதினெட்டு ஆட்டம் ஆடினாள், பதினெட்டும் தோற்றாள். உப்புக்குச் சப்பாணியாக உட்கார வைத்து விட்டுக்கொடுத்திருந்தால் அன்றோடு சரி, மறுபடி வந்திருக்கவே மாட்டாள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் சொன்னார்கள். "தூரத்துலேர்ந்து குதிச்சுக்கிட்டே வர்றீங்க, அதான் அடி விழுது. நடந்து வாங்க." நடந்து வந்தாள், அடி விழவில்லை. அதற்குள் ஒன்பது வருஷம் திட்டு வாங்கியிருந்தவளிடம் என்ன தப்பு, எங்கே தப்பு என்று ஒருவரும் இத்தனை சுத்தமாகச் சொன்னதில்லை. அங்கே அடி வாங்கினால் காரணம் உண்டு. காரணத்தைத் திருத்தினால் அடி நிற்கும். இந்த ஒரு சுகத்துக்காகவே மனுஷர்கள் ஆயிரம் தடவை தோற்கத் தயாராக இருக்கிறார்கள் என்பது அந்த நாத்தனாருக்கு எந்த ஜென்மத்தில் புரியப் போகிறது?

அந்த மாடிக்கு வருகிறவர்கள் யாரும் ரௌடிகள் இல்லை. வேலை முடிந்து இரண்டு ஆட்டம் ஆடி, சிரித்துவிட்டுப் போகிற பெயிண்டர் ஒருவர். ஒரே அடியை இருநூறு தடவை பழகிவிட்டு வருகிற மருந்துக்கடைக்காரர் ஒருவர். அவருக்கு முப்பது வயது, ஜெயிப்பதற்கென்றே வருவார். இரண்டு பேருக்கும் அங்கே இடம் இருந்தது. தோற்றுவிட்டு நாற்காலியையும் வெளிச்சத்தையும் குறை சொன்னால் மட்டும் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை அங்கே எடுபடாது.

ஆறாம் நம்பர் தேர்ந்தெடுத்துக்கொண்ட வீராங்கனை ஒரு பருத்த உடம்புக்காரி. மெதுவாகத்தான் நடப்பாள். தூரத்திலிருந்து நெருப்பு வீச அவளுக்குத் தெரியாது. கையைக் குறுக்கே வைத்துத் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு அடியாக முன்னால் போய், எதிராளியைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துவிட்டால், ஒரே தூக்கு, தரையில் ஒரே சாத்து. "இவ்வளவு அழகழகா ஆளுங்க இருக்கும்போது இதை ஏங்க்கா எடுத்தீங்க?" என்று பெயிண்டர் கேட்டிருக்கிறார். "இவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. ஆனா பொறுத்துக்கிட்டே இருக்க மாட்டா" என்றாள்.

ஞாயிறு மதியம் போட்டி. பதினாறு பேர். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தாள். எதிரே மருந்துக்கடைக்காரர். ஆளுக்கொரு ஆட்டப்பெட்டி, இடது கைக்கு ஒரு குச்சி, வலது கைக்கு எட்டுப் பொத்தான்கள், வலது மேல் மூலையில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் சின்னப் பொத்தான் ஒன்று. அதன்மேல் கை படாமலிருக்க அவள் எப்போதும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வைப்பாள். ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். பார்ப்பதற்காகப் பிளாஸ்திரியை உரித்தாள். மனசு பூராவும் மேசைமேல் இருக்கிற வெள்ளைத்தாள். திரும்ப ஒட்ட மறந்துவிட்டாள்.

நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு சட்டம் உண்டு. செல்போன் கடைக்காரர் தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: ஆட்டத்தின் நடுவில் நிறுத்தியவருக்கு அந்த ரவுண்டு போச்சு, காரணம் கேட்கப்பட மாட்டாது. கண்சிமிட்டும் நேரத்தில் அடி விழுகிற விளையாட்டில், நடுவில் நிறுத்தினால் எதிராளியின் கை குழம்பிவிடும். வேண்டுமென்றே செய்தாலும் தெரியாமல் செய்தாலும் குழப்பம் ஒன்றுதான்.

கடைசி ரவுண்டு. ஜெயித்தவருக்குக் கோப்பை. மருந்துக்கடைக்காரரின் ஒல்லி வீரன் தூரத்தில் நின்று நெருப்பாக வீசினான். பருத்தவள் தடுத்தாள், ஒரு அடி நடந்தாள். மறுபடி தடுத்தாள், மறுபடி நடந்தாள். ஒல்லியனை மூலையில் கொண்டுபோய் முட்டியாகிவிட்டது. அவனுக்கு உயிர் நூலளவு. இன்னும் ஒரே ஒரு பிடி.

அப்போது பின்னாலிருந்து பெயிண்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆசையில்தான் கத்தினார், பாவம். "என்ன பண்ணிட்டிருக்கீங்க! எவ்வளவு நேரம்! சீக்கிரம்!"

அதே குரல், அதே வார்த்தைகள். தினம் நூறு பேர் அவள் காதில் கத்துவது அதைத்தான். கட்டைவிரல் அவளைக் கேட்கவில்லை. வலது மேல் மூலைக்குப் போய் அமுக்கிவிட்டது. பருத்தவள் இரண்டு கையையும் நீட்டியபடி திரையில் அசையாமல் நின்றாள்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பரவால்லக்கா. தெரியாமதானே பட்டுது. தொடரலாம்."

செல்போன் கடைக்காரரும் தலையாட்டினார்.

ஆறாம் நம்பருக்குச் சுருக்கென்றது. "இருங்க. அமுக்கினது யாரு?"

"நீங்கதான். ஆனா..."

"என்ன ஆனா? இதே பெயிண்டர் அமுக்கியிருந்தா விட்டிருப்பியா தம்பி?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. "மாட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் என்ன தள்ளுபடி? என் கை, என் தப்பு. பிளாஸ்திரி ஒட்ட மறந்ததும் நான்தான். ரவுண்டு உன்னது. போய்க் கோப்பையைத் தூக்கு."

எழுந்து கை கொடுத்தாள். படியில் இறங்கும்போது ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. கோப்பை போனதற்காக மட்டும் இல்லை. தன் கட்டைவிரல்கூடத் தன்னுடையதாக இல்லையே, அதையும் அந்த ஆபீஸ் பழக்கி எடுத்துக்கொண்டுவிட்டதே என்றிருந்தது. கீழ்ப்படிவரை மருந்துக்கடைக்காரர் துரத்திக்கொண்டு வந்தார். "அடுத்த தடவை பிளாஸ்திரியை மறக்காதீங்கக்கா. அப்புறம் ஒண்ணு. மூலைக்குத் தள்ளிட்டீங்க பாருங்க, அங்கேர்ந்து எனக்கு வழியே இல்லை." அவ்வளவுதான் சொன்னார். தப்பு அதன் அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வளரவில்லை. ஒரு ரவுண்டு போனது, அதோடு கணக்குத் தீர்ந்தது. வீடு வரை நடந்துபோனவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் அழுக்காக இல்லை.

திங்கள் காலை ஒன்பதே காலுக்கு மேனேஜர் வந்து நின்றார். தாள் வெள்ளையாகவே இருந்தது.

"என்னம்மா, எழுதலையா?"

"இல்லை சார்."

"தப்பை ஒத்துக்கறதுல என்ன அவ்வளவு கௌரவம் உனக்கு?"

இந்தக் கேள்விதான் அவளை எழுந்து நிற்க வைத்தது. தப்பை ஒத்துக்கொள்ளத் தெரியாதாம், அவளுக்கு!

"என் தப்பை நேத்து பதினஞ்சு பேரு முன்னாடி ஒத்துக்கிட்டேன் சார். வேண்டாம்னு சொல்லியும் ஒத்துக்கிட்டேன். கோப்பையே போச்சு. எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்லை. இது என் தப்பு இல்லை, அதான் எழுதலை."

"கோப்பையா? என்ன உளர்றே? வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

தொலைபேசி அடித்தது. பழக்கத்தில் எடுத்தாள். "ஆறாம் நம்பர்லேர்ந்து பேசறேன்." எதிர்முனையில் ஒரு பெண், முதல் வார்த்தையிலேயே உச்சக் குரல். வாஷிங் மெஷின் நின்று இருபத்திரண்டு நாள். வியாழக்கிழமை ஆள் வருவாரா, மாட்டாரா? கட்டைவிரல் மூலைக்குக் கிளம்பியது. ஆறாம் நம்பர் அதைப் பார்த்தாள். மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வரமாட்டாங்கம்மா. மூணு மெக்கானிக்ல ரெண்டு பேரு வேலையை விட்டுட்டாங்க. வியாழக்கிழமைன்னு சொல்லச் சொன்னவரு இங்கேதான் பக்கத்துல நிக்கறாரு. குடுக்கறேன், பேசுங்க."

ரிசீவரை மேனேஜர் கையில் வைத்தாள். மற்ற ஆறு மேசைகளிலும் பேச்சு நின்றுவிட்டது. "ஹலோ... அது வந்தும்மா... நீங்க கொஞ்சம்..." என்று மேனேஜர் மென்று முழுங்கினார். ரிசீவரிலிருந்து வந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் கண் தொலைபேசியின் மேல் அலைந்தது. சட்டென்று விரலை நீட்டி, வலது மேல் மூலையில் எழுத்து தேய்ந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

இசை ஓட ஆரம்பித்தது.

"ரவுண்டு போச்சு சார்" என்றாள் ஆறாம் நம்பர்.

அவருக்குப் புரியவில்லை. அவள் வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவையும் அதன்மேல் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினாள்.