முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நெதர்லாந்தில் இருந்து ஒருவர் எனக்குப் போன் எடுத்து வருத்தப்பட்டார். நான் ஒரு போட்டோவை அழிக்காமல் வைத்திருந்ததுதான் காரணம்.

இலங்கையில் அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருக்கிற எனக்கும் அந்த நாட்டு வீட்டு வாடகைக்கும் என்ன சம்பந்தம்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

என் இளைய மகள் வசந்தியும் மருமகனும் அங்கே இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒல்லாந்தர் என்று படித்தேனே, அவர்களுடைய நாடு. அந்தப் புத்தகத்தோடு என் படிப்பும் முடிந்தது. வசந்தி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ராஜன். தலவாக்கலை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். அங்கே போய்க் குடியேறி ரொம்ப வருஷம். நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்று மாடி வீட்டை வாடகைக்குக் கொடுத்தார். சின்ன வீடுதான். ஆனால் மருமகன் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்விடலாம். பேத்தியின் பள்ளிக்கூடம் தெரு முனையில்.

அந்த நாட்டில் ஒரு முறை இருக்கிறது. வருஷா வருஷம் நகரசபை, 'உங்கள் வீடு இவ்வளவு பெறும்' என்று ஒரு மதிப்புப் போட்டுக் கடிதம் அனுப்புகிறது. அதை வைத்து வீட்டுக்காரருக்கு வரி. வாடகையும் அதோடு சேர்ந்தே போகிறது. வீடு எவ்வளவு பெரிசு, சமையலறை எப்படி, ஹீட்டர் எப்படி — ஒவ்வொன்றுக்கும் புள்ளி. நகரசபை போட்ட மதிப்புக்கும் புள்ளி. கூட்டிப் பார்த்து, ஒரு கோட்டுக்குக் கீழே நின்றால் சட்டம் சொல்வதற்கு மேலே வாடகை கேட்க முடியாது. கோட்டைத் தாண்டிவிட்டால்? வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை.

இந்த வருஷக் கடிதத்தில் மதிப்பு ஏறிவிட்டது. வசந்தியின் வீடு கோட்டைத் தாண்டிவிட்டது. புது ஒப்பந்தம் எழுதுகிற மாதமும் நெருங்குகிறது. வாடகை கூடினால் வேறு ஊர்தான் பார்க்க வேண்டும் என்று போனில் மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசினால் அழப் போகிறாள் என்று அர்த்தம்.

ஆனால் அவளுக்கு முன்னால் கொதித்தது ராஜன். வரி கூடிவிட்டதே. என் வீடு அவ்வளவு பெறாது, சுவரெல்லாம் ஈரம், மதிப்பைக் குறையுங்கள் என்று நகரசபைக்கு எழுதிப் போட்டார். வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

வசந்தி எதையும் ஒளிக்கவில்லை. மதிப்புக் குறைந்தால் புள்ளியும் குறையும், பிறகு வாடகையைக் கூட்ட முடியாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள். முதலில் வரி குறையட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றாராம்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

"வீடு பாக்க ஆள் வர்றாங்கன்னா அப்படியேவாடி வச்சிருப்ப? மானம் போயிரும். கழுவி எடு" என்றேன்.

என்ன செய்வது, பழக்கம் அப்படி. எங்கள் தோட்டத்தில் லயம் பார்க்க மேனேஜர் துரை வருகிறார் என்றால் முதல் நாளே சாக்கடைக் கானைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்திருக்கும் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். வசந்தி இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்.

புள்ளிக் கணக்கையெல்லாம் மறந்து சுவரைத் தேய்த்தாள். பெயின்ட் அடித்தாள். பெயின்டுக்கும் அடங்காத இடத்தில் முருகன் படத்தை மாட்டினாள். வந்த அதிகாரிக்குத் தேத்தண்ணீரும் சுடச்சுட வடையும் கொடுத்தாள். மனிதர் இரண்டு கப் குடித்துவிட்டு, வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ராஜன் வசந்தியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நான் ஈர வீடுன்னு எழுதிக் குடுக்கிறேன்... நீ கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சு வச்சிருக்க?"

கழுவச் சொன்னது நான். மகள் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தால் அதுவும் என்னால்தான். இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. போன குளிர்காலத்தில் வசந்தி ஒரு போட்டோ அனுப்பி, இதை எதைப் போட்டுத் தேய்ப்பது என்று கேட்டிருந்தாள். கட்டிலுக்கு மேலே சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அவள் போனை மாற்றியதில் அவளிடம் அது இல்லை. என்னிடம்? எனக்குத்தான் அழிக்கவே தெரியாதே. திருவிழாப் படங்களையும், 'இனிய காலை வணக்கம்' சொல்லும் ரோஜாப் பூக்களையும் தள்ளித் தள்ளி, கடைசியில் கண்டுபிடித்தேன். அனுப்பிய தேதியும் அதில் இருந்தது.

அதை வசந்திக்கு அனுப்பினேன். அவள் முருகனைக் கழற்றிவிட்டு, பெயின்டை மீறி மறுபடி எட்டிப் பார்க்கிற கறுப்பையும் ஒரு படம் எடுத்தாள். ராஜன் இரண்டையும் சந்தோஷமாக நகரசபைக்கு அனுப்பினார்.

போன வாரம் பதில் வந்தது. மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். அவருக்கு வரி குறைந்தது. கூடவே புள்ளியும் குறைந்து, வீடு கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போன்.

"என்னங்கம்மா, வரியக் கொறைக்கப் போட்டோ குடுக்கிறீங்கன்னு பாத்தா, என் வாடகையவும் சேத்துக் கொறைச்சிட்டீங்களே."

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்தவள் நான். அன்றைக்கு எப்படித்தான் வாய் வந்ததோ.

"நீங்கதானுங்களே எழுதிக் கேட்டீங்க, வீடு அவ்வளவு பெறாதுன்னு. நகரசபைக்கு ஒரு வீடு, வசந்திக்கு வேற வீடுங்களா?"

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"எங்கப்பா கடையில நீங்க வெல பேசியிருந்தா, கடைய எப்பவோ மூடியிருப்பாரு" என்றார்.

வசந்தி அங்கேயே இருக்கட்டும், சட்டப்படி எவ்வளவோ அதையே ஒப்பந்தத்தில் எழுதலாம் என்றார். சுவரையும் சரிசெய்து தருகிறாராம். சரிசெய்தால் மதிப்பு மறுபடி ஏறுமோ? அதை நான் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு என் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக வருகிறவர்கள் எல்லோரும் 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வேறு என்ன சொல்வார்கள்? கறுப்பை மறைத்துக் காட்டியது நாங்கள்தானே.

அடுத்த மாதம் லயம் பார்க்க ஆள் வருகிறார்களாம். பக்கத்து வீட்டில் இப்போதே சுண்ணாம்பு கரைத்தாயிற்று.

வரட்டும். இந்த முறை என் சட்டி கட்டிலுக்கு அடியில் போகாது.