ஆர்கன்காரியின் பாதங்கள்

குளிருக்காக வாத்துக் கொழுப்பைக் கால் விரலிடுக்கு விடாமல் தேய்த்துக்கொள்வார் எதெல்கா. அதன்மேல் மெல்லிய காலுறை, அதைச் சுற்றிச் செய்தித்தாள், அப்புறம் நீளமான கம்பளிக் காலுறை. பூட்ஸ் இரண்டு அளவு பெரியது. ஆண்கள் கடையில் வாங்கியது. "இறுக்கிப் போட்டா ரத்தம் எப்படி ஓடும்? விரலுங்க உள்ள ஆட்டம் போடணும்" என்பார்.

டிசா நதிக்கரையின் மூன்று ஊர்த் தேவாலயங்களுக்கும் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவர் இவர் ஒருவர்தான். மழையோ பனியோ, சைக்கிள்தான். ஆர்கனில் கைக்கு இருப்பதுபோலக் காலுக்கும் கட்டைகள் உண்டு. கால் மரத்தால் பாட்டு போச்சு.

ஒருமுறை போயும் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர் வில்மாவின் கல்யாணம். மணப்பெண் உள்ளே நுழையும் நேரம், குளிரில் உணர்விழந்த இடது கால் இரண்டு கட்டைகளைச் சேர்த்து மிதித்துவிட்டது. மாடு கத்தியதுபோல ஒரு சத்தம்! மணியடிக்கிற நானே கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தேன். அன்றிலிருந்து ரொட்டிக்கடையில் அவரைக் கண்டால் யாராவது "ம்மா..." என்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அது அவருக்கு எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஞாயிறு அதே வில்மாவின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். குளிர் மைனஸ் பதினாலு. "அக்கா, இந்த வாட்டியும் மாட்டைக் கூட்டிட்டு வந்துடாதீங்க" என்று வில்மா முதல்நாளே சொல்லிவிட்டாள். பாதிரியார் தன் காரில் வரச் சொன்னார்.

"கார்ல சும்மா உக்காந்தா கால் செத்துடும், ஃபாதர். மிதிச்சாத்தான் உசிரோட இருக்கும்."

கடைசி அரை கிலோமீட்டர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தரையை ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தே வந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. நான் மணியடிக்கிற மாடிக்கே ஏறி வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஆர்கன் முன் உட்கார்ந்தார்.

என்ன வாசிப்பு! கீழ்ச்சுரங்கள் மரத்தரை வழியாக ஏறி என் முழங்காலைத் தொட்டன. ஒன்றுகூடத் தப்பவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் வில்மா குழந்தையோடு மாடிக்கு ஓடிவந்தாள். "என்னக்கா, மாடு வரவே இல்லியே! ஊரே ஏமாந்துபோச்சு" என்று ஒரு கையால் கட்டிக்கொண்டாள்.

எதெல்காவின் கை அதற்குள் குழந்தையின் வெள்ளை அங்கிக்கு அடியில் போயிருந்தது.

"அடிப்பாவி, புள்ள காலு ஐஸா இருக்குடி!"

வீட்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டியவர், தன் கம்பளிக் காலுறை ஒன்றை உருவி, குழந்தையின் இரண்டு கால்களையும் சேர்த்து இடுப்புவரை அதற்குள் இறக்கினார்.