நெஞ்சில் ஒட்டாத காந்தம்

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு விம்கோ நகரில் ஒரு தெரு முழுக்க நடந்து வந்தேன். கடையில் ஏறியபோது மனைவி சொல்லித்தான் தெரிந்தது. வலது கால் அப்படி மரத்துப் போயிருந்தது. முதுகில் நரம்பு நசுங்குகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதம் தொங்கிவிடும் என்றார் டாக்டர். சிக்கல் என்னவென்றால், என் நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யோ ஆளையே உள்ளே தள்ளிப் படம் எடுக்கும் ராட்சதக் காந்தம்.

காந்தத்தின் குணம் எனக்குத் தெரியும். நான் காயலாங்கடைக்காரன். எது வந்தாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் இரும்பு விலை. ஒட்டாவிட்டால் கொஞ்சம் மரியாதை.

நெட்டுக்குப்பத்தில் போட் வைத்திருக்கும் என் தோஸ்து, உடைந்த நங்கூரத்தை எடைக்குப் போட வந்தவன், விஷயத்தைக் கேட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா மாமு, உள்ள போனா நெஞ்சுல கீற பொட்டிய அப்டியே புடுங்கிகினு பூடுமே!"

"பயமுறுத்தாதடா."

"அது இரும்பா எவர்சில்வரான்னு கேட்டியா?"

"டாக்டராண்ட அதெல்லாம் எப்டிடா கேக்கறது?"

"ஊரு இரும்பெல்லாம் செக் பண்றே, உன் இரும்ப வுட்டுட்டியே! குடு அத்த."

என் காந்தத்தை வாங்கினான். சட்டையை விலக்கி, இடது தோளுக்குக் கீழே மேடு தட்டியிருந்த இடத்தில் வைத்துக் கையை எடுத்தான். காந்தம் நழுவி என் மடியில் விழுந்தது.

"ஒட்டல மாமு! எவர்சில்வர்தான். தில்லா போ."

ஆளுக்கொரு டீ குடித்துக் கொண்டாடினோம்.

ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா, உடம்புக்குள் ஏதாவது கருவி இருக்கிறதா என்று கேட்டார்.

"பேஸ்மேக்கர் கீது மேடம். கவலப்படாதீங்க, காந்தம் வச்சு செக் பண்ணியாச்சு. ஒட்டல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் செக் பண்ணினாங்க?"

"போட் ஓனர்."

அவர் சிரிக்கவில்லை. "ஒட்டுதா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. ஸ்கேன் பேஸ்மேக்கரோட வேலையைக் குழப்பலாம், இதயத்துக்குப் போற ஒயரைச் சூடாக்கலாம். பெட்டி, ஒயர் ரெண்டுமே ஸ்கேனுக்கு ஏத்த மாடலான்னு பார்க்கணும். சின்னக் காந்தத்தைக் கிட்ட வச்சாலே அது ஓடுற விதம் மாறிடும். அந்தக் காந்தம் எங்க?"

"தோ," என்று சட்டையின் இடது பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

பேஸ்மேக்கர் வைத்த நாளிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள்: செல்போன், காந்தம் எதுவும் இடது நெஞ்சுப் பக்கம் கூடாது. செல்போனை வலது பாக்கெட்டுக்கு மாற்றினேன். இடது பாக்கெட் காலியாக இருந்தது. காந்தத்தை அதில் போட்டுக்கொண்டேன். அதைக் காந்தம் என்று நான் நினைத்ததே இல்லை. கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி, அது என் கையில் ஒரு பாகம்.

"போன வைக்காதேன்னு நான் காவல் காத்துகினு கீறேன், இந்த மன்ஷன் காந்தத்தக் குடி வச்சிகினு கீறாரு மேடம்!" என்று கூட வந்திருந்த மனைவி தலையில் கை வைத்தாள்.

பேஸ்மேக்கர் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். பெட்டியும் ஒயரும் ஸ்கேனுக்கு ஏற்றவைதான். பெட்டியைச் சோதித்தார்கள், நான் செய்த திருவிளையாடலுக்குப் பிறகும் பழுதில்லை. ஒருவர் வந்து அதை ஸ்கேனுக்கான முறைக்கு மாற்றிவைத்தார். இதயத்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே என்னை உள்ளே தள்ளினார்கள். கன்டெய்னருக்குள் படுக்கவைத்து வெளியே சுத்தியலால் அடிப்பது போல் சத்தம். வெளியே வந்ததும் பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்பினார்கள்.

நரம்பு நசுங்கித்தான் இருந்தது. ஆபரேஷன் ஆனது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது செருப்பு கழன்றால் அடுத்த அடியிலேயே தெரிந்துவிடுகிறது.

காந்தத்தை மனைவி தராசோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். என் கைதான் திருந்தவில்லை. யாராவது எதையாவது பித்தளை என்று நீட்டினால், தானாக இடது நெஞ்சுக்குப் போய்த் தடவுகிறது. போன வாரம் பழைய குழாய் கொண்டுவந்த ஓர் அம்மாள் பதறிவிட்டாள்.

"நைனா, நெஞ்சு வலிக்குதா? நீ சொல்ற வெலைக்கே குட்த்துட்றேன், மொதல்ல குந்து!"

உட்கார்ந்துவிட்டேன்.