அக்னி மூலையில் ஒரு பேட்டரி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால், ஒரு பெண் குரல்.

"அக்கா, பேப்பர்ல எழுதுறவுகதான? நான் அனுமந்தன்பட்டி முருகேஸ்வரி. நீங்க எழுதுனதப் பாத்துத்தான் பேட்டரி வாங்குனோம்."

எனக்கு ஒரே பெருமை! உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். கரண்ட் கம்பி வராத தோட்டத்து வீடுகளுக்கு சோலார் பேட்டரி எப்படிப் பார்த்து வாங்குவது என்று போன வருடம் இதே இடத்தில் எழுதியிருந்தேன். ட்யூபுலர் பேட்டரியாகப் பாருங்கள்... கையில் தூக்கிப் பாருங்கள், நல்ல கனமாக இருக்கட்டும்... சார்ஜைப் பாதிக்கு மேல் இழுக்காதீர்கள்... டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றாதீர்கள்... வருடக்கணக்கில் உழைக்கும்! இப்படி ஒரே அட்வைஸ்.

"எப்படிம்மா, நல்லா உழைக்குதா?"

"அதுக்குத்தான்க்கா கூப்பிட்டேன். நாலு நாளா வீட்டுக்குள்ள அழுகுன முட்ட வாட. கேஸ் லீக்கோன்னு சிலிண்டரக்கூட மாத்திட்டோம். வாட போகல. பேட்டரியத் தொட்டா கொதிக்குது."

பேட்டரியிலிருந்து முட்டை வாடை வந்தால், அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம். அந்த வாடையோடு, பற்றிக்கொள்ளும் வாயுவும் சேர்ந்து வரும். அதற்கு வாடை கிடையாது. ஒரு பொறி பட்டால் போதும்.

"பேட்டரி எங்கம்மா இருக்கு?"

"அடுப்படியிலதான்க்கா, அடுப்பு மேடைக்குக் கீழ. வாஸ்து பாக்குறவுக வந்தாக. கரண்டு சாமானெல்லாம் அக்னி மூலையிலதான் இருக்கணும்னு சொன்னாக. எங்க வீட்ல அக்னி மூலை அடுப்படிதான?"

யார் வீட்டில்தான் இல்லை? நம் பக்கம் அடுப்படி கட்டுவதே அந்தத் தென்கிழக்கு மூலையில்தானே!

"முருகேஸ்வரி, வெளிய வாம்மா. அடுப்புப் பக்கமே போகாத—"

"அக்கா, போன்ல சார்ஜ் இல்ல. புள்ள பசிக்குதுங்கிறா, உலைய வச்சுட்டு—"

அவ்வளவுதான். திரும்ப அடித்தேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

நான் சொன்னது காதில் விழுந்ததா, இல்லையா? உலை வைக்கப் போகிறேன் என்றாளே... லைட்டரைத் தட்டியிருப்பாளா? கூடவே ஒரு குழந்தை வேறு.

செருப்பை மாட்டிக்கொண்டு ஜெபராஜ் கடைக்கு ஓடினேன். தேனியில் சோலார் கடை வைத்திருக்கிறார். அந்தப் பத்தியில் நான் அளந்துவிட்ட அறிவெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நம்ம கடையில வாங்குனவுகதான் மேடம். மாட்டுறதுக்கு ஊர்லயே ஆள் இருக்குன்னு அவுகளே வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாக. அடுப்படியிலயா வச்சிருக்காக? ஏறுங்க, ஏறுங்க!"

வாரண்டி நோட்டில் வீட்டு அடையாளம் இருந்தது. அவருடைய வேனில் கிளம்பினோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம்... இத்தனை வேகத்தடைகள் இந்த ரோட்டில் எப்போது போட்டார்கள்? ஒவ்வொன்றிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

"வெயில் ஏற ஏற பேனல் இன்னும் சார்ஜத் தள்ளும் மேடம்" என்றார் ஜெபராஜ். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன்! மேற்கு மலைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன். மழை வேண்டி சாமி கும்பிட்டிருக்கிறேன். வெயிலை மறைக்க ஒரே ஒரு மேகத்தை அனுப்பு என்று கெஞ்சியது அன்றைக்குத்தான். ஒன்றும் வரவில்லை. சுள்ளென்று அடித்தது வெயில்.

என்னை நானே திட்டிக்கொண்டே போனேன். எடை எழுதினாய், தண்ணீர் எழுதினாய், வாரண்டி எழுதினாய். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்தா போயிருக்கும்? ஜெபராஜ் அன்றைக்கே சொன்னார். இடம் போதவில்லை என்று நான்தான் வெட்டினேன்.

கால்வாய்ப் பாலம் தாண்டி திராட்சைத் தோட்டத்துக்குள் திரும்பினோம். பந்தலுக்கு மேலே... புகை!

"ஐயோ ஜெபராஜ்!"

வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து குதித்தேன். ஓடினேன். வீடு அப்படியே இருந்தது. வீட்டைத் தாண்டி, கிணற்று மேட்டில், மூன்று கல்லைக் கூட்டி ஒரு பெண் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, தட்டோடு உட்கார்ந்திருந்தது.

"முருகேஸ்வரியா?"

"ஆத்தாடி! அக்காவா? நேர்லயே வந்துட்டீகளா?"

"அடுப்புப் பக்கம் போகாதன்னு சொன்னனே, கேட்டுச்சாம்மா?"

"அப்படியா சொன்னீக? ஒண்ணும் கேக்கலயேக்கா. வாட குமட்டுதுன்னு நேத்துல இருந்தே இங்கனதான் பொங்குறேன்."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. போனில் நான் சொன்னது எதுவும் அவள் காதுக்குப் போகவேயில்லை. அவளையும் குழந்தையையும் காப்பாற்றியது அவளுடைய மூக்குதான்.

ஜெபராஜ் வெளிச்சுவரில் இருந்த பேனல் சுவிட்சை அணைத்தார். ஜன்னல், கதவெல்லாம் திறந்துவிட்டு வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார். பேட்டரி பக்கவாட்டில் உப்பிப்போயிருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. அதற்கு நேர் மேலே, சுவரில், என் பத்தியைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். தாளித்த எண்ணெய் தெறித்த கறையோடு என் போட்டோ சிரித்தது. 'கனமாக இருக்கட்டும்' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. பார்க்கவே கூசியது.

"அடுத்தாப்புல லித்தியம் வாங்கலாம்மா" என்றார் ஜெபராஜ். "தண்ணி ஊத்த வேண்டாம், இந்த வாடையும் இருக்காது, ரொம்ப வருஷம் வரும். வில கூடத்தான்."

"அத அங்கனயே வச்சுக்கலாமாண்ணே?"

ஜெபராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தப் பேட்டரிக்குமே சூடு ஆகாது தாயி! அடுப்பு பக்கத்துல வச்சா வாரண்டியும் சேந்துதான் வேகும்."

முருகேஸ்வரி ஜன்னல் வழியாக வெளிச்சுவரை எட்டிப் பார்த்தாள். "அப்ப அதே மூலையில, செவுத்துக்கு வெளிய ஒரு ஷெட்டு போட்டு வச்சா? அதுவும் அக்னி மூலைதான?"

நல்ல நிழலும் காற்றும் இருந்தால் சரி என்றார் ஜெபராஜ். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத யோசனை!

அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எனக்கு எழுதியவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீர்கள் — பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும்? இந்த வாரம் நான் கேட்கிறேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்...

உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது?