கோட்டுப் போட்ட அப்பா

தஞ்சாவூரில் இருந்துகொண்டு படம் வரைகிறேன் என்று சொன்னால் கேட்பவரின் கண் உடனே தங்க ரேக்கைத் தேடும். ரேக்கு இல்லை, கல் இல்லை, தவழும் கிருஷ்ணனும் இல்லை என்றால் முகம் விழுந்துவிடும். நான் மெழுகில் வரைபவள். தேன்மெழுகையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குங்கிலியத்தையும் தோசைக்கல்லில் உருக்கி, நிறம் கலந்து, பலகையில் சூடாகப் பூசுவேன். ஒவ்வொரு பூச்சுக்கும் அனல் காட்டி முந்தையதோடு ஒட்டவைப்பேன். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினால், மெழுகுவத்தி செய்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன். எத்தனை பேருக்குத்தான் பாடம் எடுப்பது?

என் அண்ணன் அந்த ரகத்தில் முதல் தரம். சிங்கப்பூரில் இருக்கிறான். அப்பாவின் தலைத்திவசத்துக்கு ஊருக்கு வந்தவன், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினான். அப்பாவுக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது, வாக்காளர் அட்டையில் உள்ளதுதான். அந்தத் தலையை எடுத்து, நீலக் கோட்டும் டையும் போட்ட யாரோ ஒருவரின் கழுத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் பனிமலை வேறு. ஆயுசு முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்ற மனுஷர், காலமான பிறகு பேங்க் மேனேஜர் ஆகிவிட்டார். இந்தப் பக்கம் எந்த வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தாலும் அதே கோட்டுதான். செத்துப்போன விவசாயிகள் எல்லோரும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

கூடத்தில் அப்பாவுக்காக அடித்த ஆணியில் ஏற்கெனவே என் படம் தொங்கிக்கொண்டிருந்தது. நெல்வேரைக் குறுக்கே மெல்லிசாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரியும் தோற்றம் அது. கல்லூரியில் தாவரவியல் படித்தபோது முதலில் பார்த்ததை, எங்கள் வயல் மண்ணைச் சலித்து உமிக்கரி சேர்த்து மெழுகில் வரைந்திருந்தேன். அண்ணன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"என்னடி இது, முறுக்கு அச்சு மாதிரி? அப்பா மூஞ்சி எங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் கட்டிய வயலில் நெல் ஏன் அழுகுவதில்லை தெரியுமா என்று கேட்டேன். வேருக்குள் சில செல்கள் தாமாகவே செத்து இடம் விடும். அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று கீழே இறங்கும், மிச்சமுள்ள வேர் மூச்சுவிடும். நான் வரைந்தது அந்த ஓட்டைகளை. இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்காலோரத்து வயலை அப்பா யாருக்காக விற்றார் என்று உனக்கே தெரியும் என்றும் சொன்னேன். அந்த வயல் போனதால்தான் அவன் விமானம் ஏறினான்.

அவன் கோட்டுப் படத்தை அதே ஆணியில், என் படத்தை மறைத்து மாட்டிவிட்டுப் படுக்கப் போனான். பேச வாயில்லாதவர்களின் பதில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டு வந்தான். நான் அடுப்படியில் படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தேன்மெழுகு வாசனை வந்தது. பட்டறையில் வரவேண்டிய வாசனை கூடத்தில் ஏன் வருகிறது என்று எழுந்து ஓடினேன்.

கோட்டுப் படம் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. என் படத்தை மணைமேல் சாய்த்து வைத்து, மாலை போட்டு, குத்துவிளக்கை அதை ஒட்டினாற்போல் நிறுத்தி எல்லாத் திரியையும் ஏற்றியிருந்தான். நடு ஓட்டைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். கீழோரத்தில் மெழுகு வழிந்து மணையில் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகுப் படத்துக்கு முன்னால் நெருப்பைக் கொண்டுவந்து வைப்பவனை என்னவென்று திட்டுவது? ஒரு வருஷமாக அழுது அழுது வரைந்த படம் அது.

விளக்கைப் பின்னால் இழுத்தேன். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவன் அதை மறுபடி முன்னால் தள்ளினான்.

"இருக்கட்டும்மா. அப்பா மூஞ்சில வெளிச்சம் படட்டும்."

பொட்டு வைத்த இடத்தை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. நான் பிறகு விளக்கைத் தொடவில்லை.