அட்டை இல்லாத காட்சி

சாய்ந்தமருதில் கலியாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். ஒரு காட்சி சும்மா போனால் எனக்குப் பொறுக்காது. உடனே அதில் ஒரு வாழ்த்து வரியை ஓடவிடுவேன்.

ஒலுவிலில் ஒரு பழைய மௌனப் படம் காட்டவிருந்த ஆசிரியை, அதன் நடுவே திரையில் வெறும் எழுத்தாக வரும் வசன அட்டைகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அந்தப் படத்தின் கதையை எழுதியவளும் அதை வெட்டி ஒட்டியவளும் ஒரே பெண். ஆரம்பத்தில் அட்டை அட்டையாக எழுதியவள், எடிட்டிங்கும் கைக்கு வந்தபின் குறைத்துக்கொண்டே போனாளாம். சோம்பல் என்று நினைத்தேன். மகன் வீட்டை விட்டுப் போக, தாய் பார்த்து நிற்கும் காட்சியில் ஓர் அட்டையும் இல்லை. நானே மூன்று எழுதிச் செருகினேன்.

படம் ஓடியது. என் அட்டை வந்ததும், முன்வரிசையில் இருந்த காது கேளாத பெண்ணொருவர் விலகு என்பதுபோல் திரையை நோக்கிக் கையை வீசினார்.

"என்னவாம்?" என்று அவருடைய மகளிடம் கேட்டேன்.

"அந்தத் தாய்ர முகத்த எழுத்து மறைச்சிட்டாம். அவ மனசில என்னெண்டு உம்மாக்கு விளங்கிக்கிட்டு இருந்ததாம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. தான் எழுதிய வரியைத் தானே வெட்டி எறிய அந்தப் படத்தை ஒட்டியவளுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

போன கிழமை ஒரு மாப்பிள்ளை தன் வீடியோவைப் பார்க்க வந்தார். அதில், எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டில் வாழப் புறப்படும் அவரை அவருடைய உம்மா பார்த்து நிற்கிறார்.

"காக்கா," என்று அண்ணன் முறையில் கூப்பிட்டார், "இதில எழுத்து ஒண்டும் இல்லியே, மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல தம்பி. உம்மாவப் பாருங்க."

பார்த்தார். பிறகு, "இன்னொருக்காப் போடுங்க" என்றார்.