திண்டிவனத்து இரண்டாம் நிலா

விழுப்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், தலையணை உறை போர்த்திய ஒரு பழைய மானிட்டர் இருக்கிறது. கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்தேன். பீரோ, கட்டில் எல்லாம் சரி, இது எதுக்கும்மா என்று மாமியார் அன்றைக்கே கேட்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பழைய இரும்புக்காரரிடம் இதைப் போட்டுவிடலாமா என்று என் கணவர் மெதுவாக ஆரம்பிப்பார். முறைத்தால் விட்டுவிடுவார். அதன் வலது பக்க மேல் மூலையில் ஒரு பொட்டு உண்டு. திரை வெள்ளையாக இருந்தால் தெரியாது, கருப்பாக இருந்தாலும் தெரியாது. அந்தி வானம் மாதிரி ஒரு மங்கல் நிறம் வந்தால் மட்டும், சுண்டைக்காய் அளவில் வெளிறிப்போய்த் தெரியும். அந்தப் பொட்டு என்னுடையது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் அவன் சிநேகிதரான அந்தக் கோட்டக்குப்பத்துக்காரரும் வந்து நிற்பார். அதுதான் எனக்கு எரிச்சல். என் அண்ணனைப் பற்றி அவர் இல்லாமல் நான் சொல்லக்கூடிய கதை பள்ளிக்கூட நாட்களோடு முடிந்துபோகிறது.

அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அதில் அண்ணன் எங்கிருந்தோ ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து ஏற்றினான். விண்வெளியில் வழி தப்பிய ஒரு சரக்குக் கப்பல். அதை எப்படியாவது ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பார்க்கும் ஒரு பெண் கேப்டன். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப் பாகம் வரும். எங்கள் கம்ப்யூட்டர் தாங்கியது முதல் பாகத்தை மட்டும்தான். இரண்டாவதை ஏற்றியதும் மூச்சிரைத்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் வந்த பாகங்களெல்லாம் எங்களுக்கு டிரெய்லராக மட்டுமே வந்தன. விளையாட வழியில்லாதவர்களுக்கு ஊகம்தான் விளையாட்டு. அடுத்த பாகத்தில் கேப்டன் எந்தக் கிரகத்தில் இறங்குவாள், கப்பலில் ஒளிந்திருப்பவன் யார், அவள் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று நாங்கள் பேசித் தீர்த்த மணிநேரத்தில் அந்த விளையாட்டை எத்தனையோ தடவை ஆடி முடித்திருக்கலாம்.

டாங்கிள் போட்டு இண்டர்நெட் பார்த்த காலம். டிரெய்லர் நகர்ந்து நகர்ந்து நிற்கும். மற்றவர்களுக்கு அது பேஜாரு, எங்களுக்கு வசதி. நின்ற இடத்தில் படத்தை மூலை மூலையாக மேய்வோம். அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், உரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கமாகப் பார்ப்போம். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: டிரெய்லரில் ஒரு பொருளை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது சொந்தம், பேர் வைக்கும் உரிமையும் அவர்களுக்கே. ஒரு கிரகத்தில் பாறையைக் குடைந்த வாசலும் இரண்டு பக்கமும் காவலாட்களும் இருப்பதை அண்ணன் கண்டுபிடித்தான். மண்டகப்பட்டு குகைக்கோயிலுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், அதனால் அந்தக் கிரகத்துக்கு மண்டகப்பட்டு என்று பேர். எந்தக் கப்பலும் நிற்காமல் கடந்துபோகும் ஒரு விண்வெளி நிலையத்தை நான் பார்த்தேன். எந்த எக்ஸ்பிரஸும் நிற்காத எங்கள் பக்கத்து ரயில் ஸ்டேஷன் ஒலக்கூர், அந்தப் பேரையே வைத்தேன். அதற்கு அண்ணன் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். என்னை அப்படிச் சிரித்துப் பாராட்ட அப்புறம் யாருமே வாய்க்கவில்லை, சத்தியமாக.

அண்ணன் விழுப்புரத்தில் காலேஜ் சேர்ந்தான். காலையில் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவான். அந்த வருடம்தான் வீட்டிலிருந்த குண்டு மானிட்டர் போய், கடையிலிருந்து இந்தத் தட்டை மானிட்டர் வந்தது. கடையில் நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த திரை. அதில் பொட்டு இருந்தது யாருக்கும் தெரியாது. வந்த அதே வாரம் அடுத்த பாகத்தின் டிரெய்லரும் வந்தது. கேப்டன் ஒரு மேட்டில் ஏறி நிற்கிறாள். அந்தி நேரம். வானத்தில் ஒரு பெரிய நிலா. படம் அங்கே நின்றது. அண்ணன் குனிந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தான். நான் வலது மூலையில் இன்னொரு சின்ன நிலாவைப் பார்த்தேன்.

"ண்ணா, ரெண்டாவது நிலா" என்றேன். அண்ணன் நிமிர்ந்தான். கையிலிருந்த தோலெல்லாம் கீழே விழுந்தது. முன் பாகத்தின் டிரெய்லரில் கேப்டனின் தம்பி கடைசியாக அனுப்பிய செய்தியில் இரண்டு வெளிச்சம் என்று ஒரு வார்த்தை வரும். அதையும் இதையும் அண்ணன் அங்கேயே முடிச்சுப் போட்டான். தம்பி இருக்கும் கிரகம் இதுதான், அடுத்த பாகத்தில் அக்காவும் தம்பியும் சேர்வார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டோம். உலகம் முழுக்க இருக்கும் ரசிகர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்று இணையத்தில் இருந்தது. அதில் எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டோம். நிலாவே காணோமே என்று பதில் வந்தது. நாங்கள் அதே படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தால் நிலா பளிச்சென்று இருக்கிறது. "இவனுங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சி போச்சா பாப்பா?" என்று அண்ணன் கொதித்தான். கடைசியில் அப்பாவின் போனை வாங்கி மானிட்டரையே போட்டோ எடுத்துப் போட்டோம். அதில் எல்லோருக்கும் நிலா தெரிந்தது. பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேரோடு நாங்கள் மாசக்கணக்கில் சண்டை போட்டோம். ஒரே கட்சியில் இருந்தோம், அவனும் நானும்.

அப்படி இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக வெறும் வாயோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். சாயங்காலம் நான் ஒரு புது ஊகத்தை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வேன். "அதைத்தான் பாப்பா மத்தியானம் கேன்டீன்ல பேசிக்கினு இருந்தோம்" என்பான். பேசிக்கினு இருந்தோம். யாரோடு? வகுப்பில் கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறானாம். அவன் வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறாராம். வீட்டில் பெரிய டிவி, புது விளையாட்டுப் பெட்டி, எல்லா பாகமும் விளையாடி முடித்துவிட்டானாம். நாங்கள் வருடக்கணக்கில் ஊகித்ததை எல்லாம் அந்தக் கோட்டக்குப்பத்துக்காரர் உட்கார்ந்த இடத்தில் பார்த்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. பெட்டிக்காகக்கூட இல்லை. எனக்கென்று மிச்சம் இருக்க வேண்டிய பேச்சை எல்லாம் அண்ணன் விழுப்புரத்திலேயே பேசிக் கொட்டிவிட்டு வந்தான்.

ரம்ஜான் பெருநாளுக்கு அவர் வீட்டில் கூப்பிட்டார்கள். அண்ணன் என்னையும் அழைத்துப் போனான். அவருடைய அம்மா என் தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டே இருந்தார். அவர், அதாவது அந்த ஆள், "தங்கச்சி, கூச்சப்படாம சாப்பிடும்மா" என்றார். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுவும் கோபமாக இருந்தது. அவரை அண்ணா என்று கூப்பிட எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. எனக்கு ஒரே அண்ணன்தான். சாப்பிட்டு முடித்ததும் சுவர் அகலத்துக்கு இருந்த டிவியில் டிரெய்லரைப் போட்டார். கேப்டன் மேட்டில் ஏறினாள். அந்தி வானம். பெரிய நிலா. வலது மூலையில் ஒன்றுமில்லை. திரும்பப் போட்டார், ஒன்றுமில்லை. அண்ணன் டிவிக்குக் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, "அடச்சே, நம்ம மானிட்டர்ல தான் பொட்டு" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தான். ஒலக்கூருக்குச் சிரித்த அதே சிரிப்பு. இரண்டு பேரும் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும், "உங்க டிவில தான் கோளாறு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் வழி முழுக்கப் போனில் அவரோடு மெசேஜ் அடித்துக்கொண்டே வந்தான். நான் ஜன்னலோரம் இருந்தேன். அன்றைக்கே மன்றத்தில் உண்மையையும் எழுதிவிட்டான்: எங்கள் வீட்டு மானிட்டரில் கோளாறு, மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருத்தரும் திட்டவில்லை. அந்தக் கதை எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. எவனாவது ஆதாரமில்லாமல் எதையாவது ஊகித்தால் இரண்டாம் நிலாவா என்று கேலி செய்யும் அளவுக்கு ரசிகர்களிடையே பரவியது. அண்ணனுக்குப் பேர் கிடைத்தது. என் நிலா அவனுடைய வேடிக்கைக் கதையாகிவிட்டது. எங்கள் சட்டம் அவனுக்கு ஞாபகம் வரவே இல்லை.

நான் இப்போது விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது உடம்பில் இருக்கிறதா, மெஷினால் வந்ததா என்று முதலில் யோசிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தபோது டாக்டர், உனக்கு இது எப்படிம்மா இவ்வளவு ஜல்தி பிடிபட்டது என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு நிலா இருந்தது சார் என்றா சொல்ல முடியும்? சும்மா சிரித்து வைத்தேன்.

அண்ணனும் அவரும் சென்னையில் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து யூடியூபில் சேனல் நடத்துகிறார்கள். அந்த விளையாட்டின் அடுத்த பாகம் எப்போது வரும், அதில் என்ன இருக்கும் என்று தமிழில் பேசும் சேனல். பேர், இரண்டாம் நிலா. முதல் வீடியோவைப் பார்த்த அன்றைக்குக் குக்கரை அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டேன். "காலேஜ் படிக்கும்போது நாங்க ஒரு பழைய மானிட்டர்ல" என்று அண்ணன் ஆரம்பிக்கிறான், பக்கத்தில் அவர் உட்கார்ந்து தலையாட்டுகிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்கள் இருவரும் சேர்ந்து பார்த்த நிலா என்றுதானே. கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள், ஒரு விளையாட்டுப் பேருக்காகச் சண்டைக்குப் போகிறாளே என்பார்கள். வைத்துவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு வீடியோவையும் விட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த பாகத்தின் டிரெய்லர் வெளிவந்தது. சாயங்காலம் சேனலில் நேரலை. கணவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் மானிட்டரின் மேலிருந்த உறையை எடுத்துத் தூசி தட்டி, கணவரின் லேப்டாப்பை அதில் மாட்டி டிரெய்லரை ஓடவிட்டேன். போனில் நேரலை. யாரோ சேனல் பேரைப் பற்றிக் கேட்க, அண்ணன் மறுபடி அதே கதையைச் சொன்னான். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கணவர் பேரிலிருந்த கணக்கில், நிலாவை முதல்ல பார்த்தது யாரு என்று அடித்து அனுப்பினேன். கோட்டக்குப்பத்துக்காரர்தான் அதை எடுத்துப் படித்தார்.

"அதான் சொன்னேனே, நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கினு இருந்தப்போ..." என்று அண்ணன் இழுத்தான்.

"டேய், நான் எங்கடா பார்த்தேன்? என் டிவில தான் நிலாவே இல்லியே" என்றார் அவர். "பார்த்தது உன் தங்கச்சி. நீ பக்கத்துல குந்திக்கினு மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன்னு நீ தானே என்கிட்ட சொன்ன?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "ஆமாம் இல்ல? மறந்தே போச்சுடா" என்றான்.

திரையில் தங்கச்சிக்கு இதய எமோஜியாக வந்து விழுந்தது. யார் யாரோ என்னை வாழ்த்தினார்கள். இத்தனை வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டும் விட்டேன். ஆனால் அண்ணன் மறந்துபோய், அவர் ஞாபகம் வைத்திருந்து, அவர் கையால் எடுத்துக் கொடுத்து அது என்னிடம் வருகிறது. அவர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நேரலை முடிந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். "பாப்பா, அது நீ தானே? மச்சான் பேர்ல வந்து கேள்வி கேக்கிற" என்று சிரித்தான். புது டிரெய்லர் பார்த்தாயா என்றான். பார்த்தேன் என்றேன். எதில் என்றான். அந்த மானிட்டரில்தான் என்றேன். உடனே பழைய குரலில், செருப்புக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து கேட்ட காலத்துக் குரலில், "நிலா இருக்கா பாப்பா?" என்றான்.

மானிட்டரில் டிரெய்லர் நின்றிருந்தது. கேப்டன் புதிதாக ஏதோ கிரகத்தில், அந்தி வெளிச்சத்தில் நிற்கிறாள். வலது மூலையில் சுண்டைக்காய் அளவில் என் நிலா. இருக்குண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவன் பக்கத்திலிருந்து, "என்னாடா சொல்லுது தங்கச்சி, இருக்காமா?" என்று அவர் குரல் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"இல்லண்ணா, அது போயிடுச்சு" என்றேன்.

அடடா என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அண்ணனுக்கு நிஜமாகவே வருத்தம்தான், குரலில் தெரிந்தது. வைத்துவிட்டேன். கணவரும் பிள்ளையும் திரும்பி வரும் வரைக்கும் அந்த மானிட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து என் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உறையைப் போர்த்தினேன்.